உப்பிட்டவர் யார்?

"உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்பது நம் பாட்டிமார் வாயிலும் பயின்றுவரும் பழமொழி. நன்றியறிதலைப் போதிக்கும் வாக்கியமாக மட்டுமே இதனை நாம் நெடுங்காலம் கொண்டிருந்தோம். ஆயின் சிறிது ஆழ்ந்து நோக்குமிடத்து, இதனுள் மற்றொரு கடமையும் அடங்கியிருத்தல் புலனாகும். ஒருவரை நினைக்கவேண்டுமாயின் அவரை அறிந்திருத்தல் வேண்டும். அறியாதவரை நினைப்பது எங்ஙனம்? ஆதலின், உப்பிட்டவர் யார் என உசாவி அறிதலும் உண்டவன் கடமையேயாம். இவ்வுண்மையை நமக்கு உணர்த்தியது நூலுமன்று, சொற்பொழிவுமன்று. இலண்டன் மாநகரின் வடபாலுள்ள ஒரு சிறிய உணவுச்சாலையின் கரியடுப்பேயாம். அதனைப்பற்றி நாம் கருதுவனவற்றை நம் கல்லூரி அன்பர்முன் வைக்க விழைகின்றோம்.

கல்லூரியை விட்டு நீங்கியபின், தொழில் நிமித்தமாகச் சில ஆண்டுகள் நாம் அந்நகரில் வசிக்க நேர்ந்தது. அங்கே மேனர் ஹவுஸ், டர்ன்பைக் லேன் என்னும் இரண்டு நிலத்தடி ரயில் நிலையங்களுக்கிடையே, கிரீன் லேன்ஸ் என்றதொரு நெடுந்தெரு செல்கின்றது. ஹாரிங்கே எனப்படும் அப்பகுதியில் மாலை வேளையில் நடப்போர்க்கு வழிகாட்ட விளக்கு வேண்டுவதில்லை, மூக்கே போதும். தெருவின் இருமருங்கும் இறைச்சியைத் தணலில் வாட்டும் உணவுச்சாலைகளும், ரொட்டிக் கடைகளும், மாதுளையும் கத்தரிக்காயும் வாயிலில் குவித்துவைத்த பலசரக்குக் கடைகளும் நெருங்கிக் கிடக்கும். அவற்றுள் ஒன்றில், நாம் வாரந்தோறும் ஒரு மாலை உண்பதை வழக்கமாகக் கொண்டிருந்தோம். அது பெரியோரை விருந்துக்கு அழைக்கும் ஆடம்பரமான இடமன்று. பத்துப் பன்னிரண்டு மேசைகள். அவற்றின்மேல் காகித விரிப்பு. வேலையாடையுடன் வரும் கட்டடத் தொழிலாளரும், குழந்தைகளுடன் வரும் குடும்பத்தினரும், நம்போல் தனித்து வருவோரும் ஒருங்கே அமர்ந்துண்ணும் இடம்.

அதன் நடுநாயகமாக விளங்குவது அடுப்பு. இத்தகைய சாலையைத் துருக்கி மொழியில் 'ஓஜாக்பாஷி' என்பர், அஃதாவது 'அடுப்பங்கரை'. நீண்ட தொட்டிபோன்ற அடுப்பின்மேல் அகன்ற செப்புக் கூண்டொன்று புகையை ஈர்த்துக்கொண்டு கவிந்திருக்கும். அடுப்பை ஒட்டி அமர விரும்புவோர்க்கு அங்கேயே ஆசனங்கள் உண்டு. கரியடுப்பில் தழல் எழுந்து ஆடுமாயின், அது சமையலுக்குக் கேடு. கரி நன்கு பற்றி, சுவாலை அடங்கி, வெண்சாம்பல் பூத்த தணலாகியபின்னரே இறைச்சி அதன்மேற் செல்லும். துண்டிறைச்சிக்குக் குறுகிய கம்பியும், கொத்திறைச்சிக்குப் பட்டையான அகன்ற கம்பியும் உள. குறுகிய கம்பியில் கொத்திறைச்சியைப் பிடித்தால், கம்பி சுழலும்போது இறைச்சி நின்றவிடத்தே நின்றுவிடும். ஒரு புறம் கருகி மறுபுறம் வேகாது. ஆட்டின் வாற்கொழுப்பையும் இறைச்சியுடன் சேர்த்துக் கொத்திப் பிசைவர். அக்கொழுப்பு உருகித் தணலில் விழ, எழும் புகையே இறைச்சிக்கு மணமாகும். வெந்துகொண்டிருக்கும் கம்பிகளின்மேல் மெல்லிய ரொட்டியை அவ்வப்போது அழுத்தி, வடியும் நெய்யை அதில் ஏற்றுவர். அந்த ரொட்டியை உண்டவர் அதன் சுவையை எளிதில் மறவார்.

நாம் அமர்ந்தவுடனே, கேளாமலே சில பண்டங்கள் மேசைக்கு வந்துவிடும். அடுப்பினின்று இறக்கிய சூடான ரொட்டி. தக்காளியும் மிளகாயும் பொடியாகக் கொத்திய துவையல். சுட்ட வெங்காயத்தில் மாதுளஞ்சாற்றுப் பாகும், சுமாக் என்னும் புளிப்பான செந்நிறப் பொடியும் கலந்த ஒரு கூட்டு. இவற்றிற்குத் தனியே விலையில்லை. பின்னர் இறைச்சியும், அதனுடன் கோதுமையை அவித்துலர்த்தி உடைத்த புல்கூர்ச் சோறும் வரும். ஈற்றில், இடை சிறுத்த கண்ணாடிக் குவளையில் பாலில்லாத் தேநீர். நம்மூர் மோரைப்போன்று உப்பிட்ட மோரும் அங்கே உண்டு. அயல்நாட்டில் மோரைக் கண்ட தமிழன் மகிழ்ச்சியை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இத்துணையும் சொன்ன நாம் நம் குற்றத்தையும் ஒளியாது சொல்லுதல் முறை. அச்சாலையின் பெயர்ப்பலகையில் 'துருக்கி உணவுச்சாலை' என்று எழுதியிருந்தது. பலகை சொன்னதை வேதவாக்காகக் கொண்டு, அங்குள்ளோரைத் துருக்கியர் என்றே நாம் எண்ணினோம். எண்ணியதோடமையாது, உண்டெழும்போதெல்லாம் 'தெஷெக்கூர்' என்று துருக்கி மொழியில் நன்றி கூறி, பிறர் பாஷையில் நமக்கிருந்த அந்த ஒரு சொற் புலமையைக் குறித்து உள்ளூரப் பெருமையும் கொண்டோம். இங்ஙனம் இரண்டாண்டுகள் கழிந்தன.

ஒரு மார்ச்சு மாதம் 21-ம் நாள் மாலை நாம் சென்றபோது, கல்லாவின்மேல் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமான நாடா கட்டியிருந்தது. உண்டு முடித்தபின், நாம் கேளாத இனிப்புத் தட்டு ஒன்று வந்தது. "யாது விசேஷம்?" என்று வினவினோம். பரிமாறிய இளைஞர், "இன்று எங்கள் வருஷப்பிறப்பு" என்றார். "துருக்கியர்க்கு இன்றா வருஷப்பிறப்பு?" என்றோம் நாம். அவர் நகைத்து, "துருக்கியர்க்கன்று, ஐயா; எங்களுக்கு. நாங்கள் குர்து ஜனங்கள்" என்றார். அடுப்பின் முன் நின்ற பெரியவர் இதனைக் கேட்டுத் திரும்பினார். இரண்டாண்டுகளாக அவர் கையால் உண்டுவந்த நாம், இது தெரியாமற்போனதற்கு வருந்துகின்றோம் என்றோம். அவர் கோபங்கொள்ளவில்லை. "நீர் கேட்டதில்லை, நாங்களும் சொன்னதில்லை" என்றார். பின்னர் சிறிது நேரங் கழித்து, "நீர் இந்தியர், இந்தி பேசுவீர் அன்றோ?" என்றார். "இல்லை, எங்கள் மொழி தமிழ்" என்றோம். "தமிழ், தமிழ்" என்று அவர் இருமுறை சொல்லிப் பார்த்தார். இரண்டாண்டுகளாக ஒருவரையொருவர் நாள்தவறாது கண்டும், அவரை நாமும் நம்மை அவரும் அறியாதிருந்தமை அன்றுதான் விளங்கிற்று.

குர்து மக்கள் யார் என்பதை அறியாத மாணவ நேயர்களுக்காகச் சிறிது கூறுவோம். துருக்கி, ஈராக், ஈரான், சிரியா என்னும் நான்கு தேசங்களின் எல்லைகள் சந்திக்கும் மலைநாட்டைத் தாயகமாகக் கொண்டவர் இவர். தொகை சுமார் மூன்று கோடி என்ப. இவர்தம் மொழி பாரசீகத்துக்கு உறவினது. துருக்கி மொழியோடும் அரபு மொழியோடும் இனவுறவு இல்லாதது. முதல் உலகப்போருக்குப் பின்னர், 1920-ம் ஆண்டில் செய்துகொண்ட செவர் உடன்படிக்கையில் இவர்க்குத் தன்னாட்சி அளிப்பதைப்பற்றிய ஷரத்துக்கள் இருந்தன. அவ்வுடன்படிக்கை நடைமுறைக்கு வரவில்லை. அதற்கு மாற்றாக 1923-ம் ஆண்டில் ஏற்பட்ட லோசான் உடன்படிக்கையிலோ, குர்து என்ற பெயரே இல்லை. துருக்கியில் இவர்களை 'மலைத் துருக்கியர்' என்று வழங்கிய காலமும் உண்டு. 1983-ம் ஆண்டில் இயற்றிய ஒரு சட்டம், குர்து மொழியில் கருத்துக்களை வெளியிடுதலையும் பரப்புதலையும் தடுத்தது; அது 1991-ம் ஆண்டில்தான் நீக்கப்பட்டது. ஈராக்கில் 1988-ம் ஆண்டு மார்ச்சு 16-ம் நாள், ஹலப்ஜா என்னும் குர்து நகரின்மேல் வீசப்பட்ட நச்சுக்குண்டுகளால் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அந்நாட்டிலேயே 2005-ம் ஆண்டின் அரசியற் சட்டம், அரபுடன் குர்து மொழியையும் ஆட்சிமொழியாக ஏற்றது. நாடு ஒன்றாயினும் காலத்துக்குத் தக அதன் நீதியும் மாறுமென்பதற்கு இதுவும் ஒரு சான்று.

மொழியை மட்டுமன்று, எழுத்தையும் தடுத்தல் உண்டு. இவர்தம் வருஷப்பிறப்புக்கு 'நெவ்ரோஸ்' என்று பெயர். குர்து மொழியில் அதனை எழுத ரோமன் லிபியிலுள்ள 'டபிள்யூ' என்னும் எழுத்து வேண்டும். 1928-ம் ஆண்டில் துருக்கி அரசாங்கம் வகுத்த நெடுங்கணக்கில் கியூ, டபிள்யூ, எக்ஸ் என்னும் மூன்றும் இடம்பெறவில்லை. ஆதலின் பண்டிகை வாழ்த்திலே ஓர் எழுத்தை எழுதியதன் பொருட்டு வழக்கில் அகப்பட்டோர் அந்நாட்டில் இருந்தனர். 2013-ம் ஆண்டில் அறிவித்த சீர்திருத்தங்களில்தான் இத்தடையை நீக்குவதாகக் கூறினர். ஒரு மூதாட்டி தன் பேரனுக்குத் தன் மொழியில் இட்ட பெயரை, எழுத்தில்லை என்னும் காரணத்தால் பதிவேட்டில் எழுத மறுத்தல் எத்துணைக் கொடிது என்பதை, ழகரத்தைத் தம் மொழியின் அணியெனப் போற்றும் தமிழ் மக்கட்கு நாம் எடுத்துரைக்கவும் வேண்டுமோ?

நிற்க. இவர் கிரீன் லேன்ஸ் தெருவுக்கு வந்தது எவ்வாறு? அத்தெருவில் முன்னர்க் குடியேறியவர் சைப்பிரசுத் தீவினரான கிரேக்கரும் துருக்கியரும் ஆவர். துருக்கியில் 1980-ம் ஆண்டு இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபின் குர்து மக்கள் இலண்டனை நாடலாயினர். 1989-ம் ஆண்டில் சில மாதங்களுக்குள் ஆயிரக்கணக்கானோர் அடைக்கலம் வேண்டி வந்திறங்கினர். அவ்வாண்டு ஜூன் மாதத்திலேயே பிரிட்டிஷ் அரசாங்கம் துருக்கிப் பிரஜைகளுக்கு விசா வேண்டுமென விதித்தது. வந்தவர் பலர் வடக்கு, கிழக்கு இலண்டனின் தையற்கூடங்களில் வேலைக்கமர்ந்தனர். நாளடைவில் அத்தொழில் கூலி குறைந்த நாடுகளுக்குப் பெயர்ந்துவிட, தையலூசியை விட்ட கைகள் கபாப் கம்பியைப் பற்றின. அவர்தம் அநுமதிச்சீட்டில் துருக்கி என்றிருந்தமையால், குடிவரவு ஏட்டிலும் துருக்கியரெனவே எழுதப்பட்டனர். கடை திறந்தபோது பலகையிலும் அவ்வாறே எழுதினர். "குர்து என்று எழுதினால் வருவோர்க்கு விளங்காது, துருக்கி என்றால் யாவர்க்கும் தெரியும்" என்று அப்பெரியவர் நம்மிடம் கூறினார். பிழைப்புக்காகச் செய்ததை நாம் குறைகூறோம். இங்கிலாந்தில் 'இந்திய உணவுச்சாலை' என்று பலகை தாங்கிய கடைகளுட் பல, வங்காள தேசத்துச் சில்ஹெட் மாவட்டத்தார் நடத்துவனவே. பலகை கடைக்காரனுடைய பிழைப்பு. அதனைக் கடந்து பார்ப்பது உண்பவனுடைய பொறுப்பு.

இங்கே சில ஆக்ஷேபங்களுக்கு விடை கூறுதல் வேண்டும். முதலாவது, 'விலை கொடுத்துண்டவனுக்கு ஏது கடன்? பணம் கொடுத்தாயிற்று, கணக்குத் தீர்ந்தது' என்பர் சிலர். பணம் இறைச்சிக்கும் கரிக்கும் உழைப்புக்கும் விலையாகும் என்பதை ஒப்புகின்றோம். ஆயின் கேளாமல் வந்த ரொட்டிக்கும், தனித்து வந்தவனைக் கண்டு அடுப்பருகே இடம் ஒழித்துக் கொடுத்த அன்புக்கும் எந்தச் சீட்டில் விலை எழுதியிருக்கின்றது? மேலும், விலைகொடுத்துக் கற்ற கல்விக்காக ஆசிரியரை மறந்துவிடலாமென்று நம்முள் எவரும் வாதிடார்.

இரண்டாவது, 'உணவுக்கு ஜாதியேது? தேசமேது? ஒரே கபாபைத் துருக்கியரும் அரபியரும் ஆர்மீனியரும் குர்துக்களும் தத்தமது என்கின்றனர். அச்சண்டையில் நாம் ஏன் புகவேண்டும்?' என்பர். இக்கூற்றில் உண்மை மிகவுண்டு. அவ்வூர்களில் பல இனத்தாரும் நூற்றாண்டுகளாக ஒரே சந்தையில் ஆடு வாங்கி, ஒரே விதமான அடுப்பில் சுட்டுண்டவர். அங்கே நாம் விரும்பியுண்ட கொத்திறைச்சிக் கபாபுக்கே அதானா என்னும் நகரின் பெயர்தான் உளதேயன்றி, எந்த இனத்தின் பெயரும் இல்லை. அதனைக் குர்துக்களுக்கே உரியதென நாம் பட்டயம் எழுதித்தர முன்வரவில்லை. பண்டம் யாருடையது என்பது நம் வினாவன்று. அதனைச் சமைத்த கை யாருடையது என்பதே வினா. பண்டம் பலர்க்கும் பொதுவாகலாம், கைக்குரியவர் ஒருவரே.

மூன்றாவது ஆக்ஷேபமே வலிமையுடையது. 'ஊரைவிட்டு ஓடிவந்தவரிடம் நீ யார், எவ்விடத்தான் என்று கேட்பது அவர்தம் புண்ணைக் கிளறுவதாகாதோ? அதிகாரிகள் கேட்ட கேள்வி போதாதென்று உண்ணவந்தவனும் கேட்கவேண்டுமோ?' என்பது அது. இதற்கு நாம் தலைவணங்குகின்றோம். தனக்கென ஓர் அரசு இல்லாத ஒருவரிடம் 'நும் நாடு யாது?' என வினவுதல், சில வேளைகளில் அடித்தலினும் கொடிதாகலாம். சொல்ல விரும்பாதவரை விட்டுவிடுதலே பண்பு. ஆயின் விசாரணை வேறு, விருந்தினன் வினா வேறு. நாம் அறிந்த எளிய வழி ஒன்றுண்டு. மேசைமேலுள்ள ஒரு பண்டத்தைக் காட்டி, 'இதனை நும் தாயார் என்ன பெயரால் அழைப்பார்?' என்று கேட்டல். விரும்பாதவர் பலகையிலுள்ள பெயரையே சொல்லிப் போய்விடுவர். விரும்புபவரோ தம் வீட்டுச் சொல்லைச் சொல்லுவர். அவ்வொரு சொல்லின் பின்னே அவர்தம் ஊரும், மலையும், தாயும் வந்து நிற்பதை அவர் முகத்திற் காணலாம்.

அம்மார்ச்சு மாலைக்குப்பின் நாமும் அவ்வழியே சென்றோம். ரொட்டிக்கு 'நான்' என்று பெயர் என்றார் பெரியவர். அது நாமும் அறிந்த சொல்லே. இறைச்சிக்குக் 'கோஷ்த்' என்றார். வடநாட்டில் நாம் கேட்டதே அதுவும். மோருக்குத் 'தெவ்' என்றும், நன்றிக்கு 'ஸ்பாஸ்' என்றும் கற்றோம். ஒரு நாள் கூட்டம் மிகுந்த வேளையில் நாம் ஏதோ ஒன்று வேண்ட, அவர் மார்பில் கை வைத்து 'சேர் சாவான்' என்றார். பொருள் யாதென்று கேட்டோம். 'கண்களின்மேல்' என்பது அதன் சொற்பொருளாம். நாம் ஒரு கட்டளையைத் தலைமேற்கொள்வோம். அவர் அதனைக் கண்மேற்கொள்கின்றார். இரு மக்களுக்கிடையே எத்துணைக் கடல்களும் மலைகளும் கிடப்பினும், பணிவைச் சொல்ல இருவரும் தலைப்பக்கமே கைகாட்டுதல் நமக்கு வியப்பையும் இன்பத்தையும் விளைத்தது. நெவ்ரோஸ் பண்டிகையில் மலைமேல் தீ மூட்டுவதன் வரலாற்றையும் அவர் சொன்னார். காவா என்னும் கொல்லன், கொடுங்கோலன் ஒருவனை வீழ்த்தி, அச்செய்தியை மக்கட்கு அறிவிக்க மலையுச்சியில் தீயிட்டானென்பது அவர்தம் கதை. அன்றுமுதல் அவ்வுணவுச்சாலையின் அடுப்பு நமக்கு வெறும் அடுப்பாகத் தோன்றவில்லை.

நம் நன்றியும் அன்றுமுதல் 'தெஷெக்கூர்' அன்று, 'ஸ்பாஸ்' ஆயிற்று. ஒரு சொல்லை மாற்றியதால் உலகம் மாறிவிட்டதென்று நாம் சொல்லவில்லை. ஓர் இனத்தாரின் உரிமையை உணவுச்சாலையில் உண்டு மீட்டுவிடலாமென்று கருதுவது பேதைமை. கபாப் தின்றதனாலேயே ஒரு மக்களை அறிந்துவிட்டோமென்று தருக்குவது அதனினும் பேதைமை. பெரிய காரியங்களைச் செய்யவேண்டிய அரசாங்கங்கள் செய்க. நம் வரம்புக்குட்பட்டது, நம்முன் நிற்பவரை அவர் வேண்டும் பெயரால் அழைத்தல் ஒன்றே. உடன்படிக்கையிலும் பதிவேட்டிலும் பலகையிலும் விடுபட்ட பெயர், உண்பவன் வாயிலேனும் ஒலிப்பது சிறிதாயினும் நன்று. 'மதராஸி' என்னும் பொதுப்பெயரால் வடநாட்டில் அழைக்கப்பட்டு மனம் புழுங்கிய தமிழர் இதனை எளிதில் உணர்வர்.

ஈற்றில் நம் மாணவ அன்பர்கட்கு ஒரு வார்த்தை. இவ்வறம் பயில இலண்டனுக்குச் செல்லவேண்டுவதில்லை. கல்லூரி விடுதியில் மூன்றாண்டுகள் உண்டோம். விடியுமுன் எழுந்து நமக்கு இட்டலி வேகவைத்தவரும், தேர்வுக்காலத்தில் இரவு நெடுநேரம் காத்திருந்து சூடாகத் தேநீர் தந்தவரும் நமக்கு இருந்தனர். ஆசிரியர் அனைவர் பெயரையும், உடன் ஓடியாடிய தோழர் அனைவர் பெயரையும் இன்றும் வரிசையாகச் சொல்ல வல்ல நாம், நமக்குச் சோறிட்ட அவர்தம் பெயரை நினைவுகூர முயன்றபோது வெட்கி நின்றோம். 'மாஸ்டர்' என்று அழைத்தோம். மாஸ்டர் என்பது தொழிலின் பெயர், ஆளின் பெயரன்று. அவர் எவ்வூரினர், எத்துணை மக்களைப் பெற்றவர், ஓய்வுநாளில் தம் வீட்டில் யாது உண்பவர் என்று நாம் ஒருநாளும் கேட்டதில்லை. அயல்நாட்டுப் பெரியவர் நம்மை நோக்கிச் சொன்ன சொல்லை அவரும் சொல்லியிருக்கலாம்: "நீர் கேட்டதில்லை, நாங்களும் சொன்னதில்லை." இப்போது விடுதியில் உண்டுகொண்டிருக்கும் மாணவர்களுக்கு இன்னும் காலம் உண்டு. இன்றிரவு உண்டெழும்போது, சமையற்கட்டின் வாயிலில் ஒரு கணம் நின்று, கேட்பீராக.